பொதுக் கூரையும் தனியுடைமையும்: ஸ்கொத்லாந்தின் பழந் தொடர்மாடிகளின் பராமரிப்புப் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கட்டடங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசர், செல்வர், கட்டடக்கலைஞர் ஆகியோரின் பெயர்களே அங்கு நிலைபெறுகின்றன. கட்டி முடிக்கப்பட்டபின் நூறு, இருநூறு ஆண்டுகளாக அக்கட்டடம் எவ்வாறு நின்றது, ஒழுகிய கூரையை மாற்றியவர் யார், அதற்கான செலவை ஏற்றவர் யார், மாடிப்படியைக் கழுவியவர் யார் என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் ஈர்த்ததில்லை. கட்டுதல் ஒரு நிகழ்ச்சி. பேணுதல் இடையறாத உழைப்பு. நிகழ்ச்சிகளையே வரலாறெனக் கொள்ளும் நோக்கில் இவ்வுழைப்பு மறைந்துவிடுவது வியப்பன்று.

தனி வீடொன்றில் இப்பிரச்சினை ஓரளவு எளிமையானது. பலர் ஒரே கூரையின்கீழ் வாழும் தொடர்மாடியிலோ அது சிக்கலுறுகின்றது. அங்கு கூரை, அத்திவாரம், வெளிச்சுவர், மாடிப்படி, பீலி, புகைபோக்கி ஆகியன பயன்பாட்டிற் பொதுவானவை, உரிமையிலோ கூறுபட்டவை. பயன்பாட்டின் சமூகத் தன்மைக்கும் உடைமையின் தனியார் தன்மைக்கும் இடையிலான இம்முரண்பாட்டை நன்கு அவதானிக்கத்தக்க களங்களுள் ஸ்கொத்லாந்து ஒன்றாகும். அந்நாட்டின் வீடுகளுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு 1919 க்கு முன்னர் கட்டப்பட்டவை. அவற்றுட் பெருந்தொகையானவை 'டெனமென்ற்' என வழங்கப்படும் கல்லாலான தொடர்மாடிகள். எடின்பரோ, கிளாஸ்கோ ஆகிய இரு நகரங்களையும் முதன்மையாகக் கொண்டு, இத்தொடர்மாடிகளின் பொதுப் பராமரிப்பு எத்தகைய சமூக உறவுகளின் ஊடாக நிகழ்ந்து வந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கட்டடமும் சட்டமும்

எடின்பரோவின் பழைய நகரம் ஒடுங்கிய குன்றின் முதுகில், மதிலுக்குள் அமைந்தது. பக்கவாட்டில் விரிய இடமில்லாமையால் அது மேல்நோக்கி வளர்ந்தது. 17 ஆம் நூற்றாண்டளவில் ஆறு மாடி, அதற்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட கட்டடங்கள் அங்கு எழுந்திருந்தன. ஒவ்வொரு மாடியும் வெவ்வேறு உரிமையாளருக்குச் சொந்தமாயிருப்பது அங்கு வழக்கமாயிற்று. நடுமாடிகளில் வசதிபடைத்தோரும், கூரையை அடுத்த மேல்மாடிகளிலும் நிலவறைகளிலும் வறியோரும் வாழ்ந்தனர். சமூகப் படிநிலை மாடிப்படியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது எனலாம்.

இவ்வாழ்க்கை முறைக்கேற்ப ஸ்கொத்லாந்தில் ஒரு தனிச் சட்டமரபு உருவாயிற்று. 1681 இல் வெளியான ஸ்டெயர் பிரபுவின் சட்டநூல், கீழ்மாடிக்கு உரியவர் மேல்மாடியைத் தாங்கும் அடித்தளமாகத் தம் பகுதியைப் பேணவேண்டும் எனவும், மேல்மாடிக்கு உரியவர் கீழுள்ளோர்க்குக் கூரையாகத் தம் பகுதியைப் பேணவேண்டும் எனவும் விதிக்கின்றது. தாங்குதல், மூடுதல் ஆகிய இவ்விரு கடமைகளே அச்சட்டத்தின் அச்சாணி. அயலவரிடையே நிலவவேண்டிய பரஸ்பரக் கடப்பாட்டை அது ஏற்றுக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் இக்கடப்பாடு தனியுடைமையின் சட்டகத்துள்ளேயே நின்றது. ஆதன உறுதியில் வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, கூரை அதன் நேர்கீழேயுள்ள மேல்மாடி உரிமையாளரின் சொத்து. அதைத் திருத்தும் செலவு முழுவதும் அவருடையது. ஒவ்வொரு மாடியின் வெளிச்சுவரும் அந்தந்த மாடிக்காரருடையது. கீழேயுள்ளோர் அனைவரையும் மழையிலிருந்து காக்கும் கூரைக்கு ஒருவர் மட்டுமே செலவிடவேண்டும் என்னும் விதி நடைமுறையில் எத்துணை அநீதியானது என்பது வெளிப்படை. மேல்மாடி வீடுகளே பெரும்பாலும் விலை குறைந்தவை. எனவே கட்டடத்தின் மிகப் பெரிய செலவு அதனைத் தாங்க மிகக் குறைந்த ஆற்றலுடையவரின் தலையிற் சுமந்தது. இதனாலேயே பிற்கால உறுதிகள் பலவற்றிற் செலவைப் பங்கிடும் நிபந்தனைகள் எழுதப்பட்டன. சிலவற்றிற் சமபங்கு, வேறு சிலவற்றில் ஆண்டு மதிப்பீட்டின்படியான பங்கு. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு கட்டடங்களில் வெவ்வேறு விதிகள் செல்லுபடியாகும் நிலை இவ்வாறு தோன்றியது.

சட்டம் கடமையை விதித்தது. கடமையைச் செய்விக்கும் அமைப்பொன்றை அது உருவாக்கவில்லை. இக்குறைபாட்டின் விலை 1861 நவம்பர் 24 ஆந் திகதி அதிகாலையில் வெளிப்பட்டது. எடின்பரோ ஹை ஸ்ட்ரீற்றிலிருந்த ஏறத்தாழ 250 ஆண்டுப் பழைமையான கட்டடமொன்று இடிந்து வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். தம் சொந்த நகரத்தைப் பற்றி ரொபேட் லூயி ஸ்டீவன்சன் 1878 இல் எழுதிய நூலிலும் இவ்வீழ்ச்சி இடம்பெறுகின்றது. நகரத்தின் மனச்சாட்சியை அது எவ்வளவு தாக்கியது என்பதற்கு அது சான்று. மறு ஆண்டிலேயே ஹென்றி லிட்டில்ஜோன் நகரின் முதலாவது சுகாதார வைத்திய அதிகாரியாக நியமிக்கப்பட்டார். 1865 இல் வெளிவந்த அவருடைய அறிக்கையைத் தொடர்ந்து 1867 இல் நகரச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின் பிரதான கருவி இடித்தலும் புதுத்தெரு அமைத்தலுமேயன்றிப் பராமரித்தலன்று. 1872 இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய எங்கெல்ஸ், முதலாளித்துவம் இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்த்துவிடுகின்றது என வாதிட்டார். எடின்பரோ அவ்வாதத்துக்கு நல்லதோர் உதாரணமாகும்.

2. வீட்டுடைமையாளரும் முகவரும்

கிளாஸ்கோவின் நிலைமை வேறு. அங்குள்ள தொடர்மாடிகளிற் பெரும்பாலானவை 19 ஆம் நூற்றாண்டின் கைத்தொழில் வளர்ச்சியின் விளைவுகள். கப்பல் கட்டும் தளங்களும் இரும்பாலைகளும் ஈர்த்த தொழிலாளரைக் குடியமர்த்த மூன்று, நான்கு மாடிகள் கொண்ட மணற்கற் கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. முதலில் அயற்குழிகளிலிருந்து பெறப்பட்ட இளமஞ்சட் கல்லும், 1890 களிலிருந்து புகையிரதத்தில் வந்த டம்ஃப்ரீஸ், எயர் பகுதிகளின் செங்கல்நிறக் கல்லும் அவற்றிற் பயன்பட்டன. அவற்றில் வாழ்ந்தோரின் நெருக்கடி கொடியது. 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறு வீடுகள் அளக்கப்பட்டு, எத்தனை பேர் உறங்கலாம் என்று குறிக்கும் உலோகத் தகடுகள் கதவுகளில் அறையப்பட்டன. 1917 இல் அறிக்கை சமர்ப்பித்த அரச ஆணைக்குழு, ஸ்கொத்லாந்து மக்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் ஓர் அறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்ந்தமையை வெளிப்படுத்தியது. இங்கிலாந்தில் அத்தகையோர் பத்திலொரு பங்கினரினும் குறைவு.

இக்கட்டடங்கள் பொதுவாக முழுக்கட்டடமாக ஒருவருக்கே உரியனவாயிருந்தன. அவ்வுரிமையாளர் பெருமுதலாளியாயிருப்பது அரிது. கடைக்காரர், கைம்பெண், நம்பிக்கைப் பொறுப்பாளர் எனச் சிறு சேமிப்பாளரே ஈடு வைத்துப் பெற்ற கடனைக் கொண்டு கட்டடம் வாங்கினர். அவர்களுக்காக வாடகை அறவிட்டு, திருத்தவேலை செய்வித்து, குடியிருப்பாளரைத் தெரிந்தெடுத்தவர் 'பாக்டர்' எனப்பட்ட முகவர். ஒழுகும் பீலியைத் திருத்துவதற்கு எவரது வாக்கும் வேண்டியிருக்கவில்லை. முகவரின் ஒரு கட்டளை போதும். கட்டடத்தின் ஒருமை மூலதனத்தின் ஒருமையாக இருந்தது. ஆனால் அதே காரணத்தினால், இலாபம் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் பராமரிப்புச் செலவாகவே இருந்தது. 1878 இல் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தபோது கட்டட முயற்சி எவ்வாறு சரிந்தது என்பதை நோக்கின், தொழிலாளியின் கூரை நாணயச் சந்தையோடு எத்துணை நெருங்கிப் பிணைந்திருந்தது என்பது புலனாகும்.

ஈண்டு எமது நாட்டோடு இந்நகருக்குள்ள தொடர்பையும் குறிப்பிடுதல் பொருந்தும். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொத்லாந்தினர். கிளாஸ்கோவில் 1871 இல் தம் முதற் கடையைத் திறந்த தோமஸ் லிப்ரன் 1890 இல் இலங்கையிலே தோட்டங்களை வாங்கினார். தோட்டத்து லயனும் கிளாஸ்கோவின் ஓரறை வீடும் உழைப்புச் சக்தியை மிகக் குறைந்த செலவில் மீளுருவாக்கும் இடங்களே. எனினும் முக்கியமான வேறுபாடொன்றுண்டு. லயன் அறை வேலையோடு கட்டப்பட்டது. தோட்டத்துரையே வீட்டுடைமையாளரும் ஆவார். கிளாஸ்கோத் தொழிலாளிக்கோ வேலை தருபவர் ஒருவர், வீடு தருபவர் வேறொருவர். இவ்விடைவெளியே அடுத்துக் கூறப்படும் போராட்டத்துக்கு இடமளித்தது.

3. மாடிப்படியின் ஒழுங்கமைப்பு

சட்டமும் முகவரும் ஒருபுறமிருக்க, அன்றாடப் பேணுதல் குடியிருப்பாளரின் கைகளிலேயே இருந்தது. துல்லியமாகக் கூறுவதாயின், பெண்களின் கைகளிலே இருந்தது. தெருவிலிருந்து உள்ளே செல்லும் பொது நடையையும் மாடிப்படியையும் 'குளோஸ்' என்பர். அதனைக் கழுவுதல் முறைவைத்துச் செய்யப்பட்டது. முறை யாருடையதோ அவர் வீட்டுக் கதவிலே அதனை அறிவிக்கும் அட்டையொன்று தொங்கவிடப்படும்; அவர் வேலையை முடித்ததும் அது அடுத்த கதவுக்குச் செல்லும். பின்முற்றத்துச் சலவையறைக்கும் வீட்டுக்கொரு நாள் ஒதுக்கப்பட்டது, திறப்பு கைமாறியது. எழுதப்பட்ட யாப்பில்லை, தலைவருமில்லை. ஆயினும் ஒழுங்கு நிலவியது. முறை தவறியவருக்கு அயலவரின் ஏச்சே தண்டனை.

இதனை இலட்சியமயப்படுத்தல் தவறு. வீட்டுடைமையாளரின் ஆதனம் கூலியின்றிப் பேணப்பட்டது என்பதும், அவ்வுழைப்பு முழுவதும் பெண்கள் மீதே சுமத்தப்பட்டது என்பதும் மறுக்கவியலாதவை. ஆனால் அவ்வுழைப்பின் ஊடாகவே கூட்டு ஒழுங்கமைப்பிற் பயிற்சி பெற்ற ஒரு மக்கட்பிரிவும் உருவாயிற்று. தொழிற்சாலை ஆண் தொழிலாளருக்குத் தொழிற்சங்கத்தைக் கற்பித்தது போன்று, மாடிப்படி பெண்களுக்கு ஐக்கியத்தைக் கற்பித்தது.

1915 இல் இது நிரூபிக்கப்பட்டது. யுத்தத்தினால் ஆயுதத் தொழிலாளர் நகரில் நிறைந்தபோது வீட்டுடைமையாளர் வாடகையை உயர்த்தினர். கோவன் பகுதியில் மேரி பாபர் முதலிய பெண்கள் கட்டடந்தோறும் குழுக்களை அமைத்தனர். நீதிமன்ற அலுவலர் வெளியேற்ற வரும்போது குளோசில் இருந்த பெண் மணியடிப்பாள். மாடிகள் அனைத்திலுமிருந்து பெண்கள் இறங்கிவந்து மாவுப்பொட்டலங்களால் அவர்களை எறிந்து துரத்துவர். நவம்பர் அளவில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் வாடகை உயர்வைச் செலுத்த மறுத்திருந்தன. அம்மாதம் 17 ஆந் திகதி ஷெரிப் நீதிமன்றத்தில் 18 பேர் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தபோது, கப்பல் தளங்களின் தொழிலாளரும் வேலையை விட்டு வந்து திரண்டனர். வழக்குகள் கைவிடப்பட்டன. டிசெம்பரிலேயே வாடகையை யுத்தத்துக்கு முந்திய மட்டத்தில் நிறுத்தும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

4. வாடகைக் கட்டுப்பாடும் சிதைவும்

பழமைவாதப் பொருளியலாளர் இக்கட்டத்திலே ஒரு வாதத்தை முன்வைப்பர்: வாடகை கட்டுப்படுத்தப்பட்டமையாலேயே வீட்டுடைமையாளர் திருத்தவேலையைக் கைவிட்டனர், ஆகவே கட்டடங்களின் சிதைவுக்கு 1915 ஆம் ஆண்டின் போராட்டமே பொறுப்பு என்பது அவர் கூற்று. இதனை எளிதில் ஒதுக்கிவிடுதலும் முறையன்று. நிறுத்தப்பட்ட வாடகையில் உயர்ந்துவரும் திருத்தச் செலவைச் சமாளிக்க இயலாமற்போனமை உண்மை. எடின்பரோவில் உரிமையாளர் ஒரு பென்னிக்கு விற்க முன்வந்தும் சுமையாகவே நின்ற 'பென்னித் தொடர்மாடி' 1959 நவம்பரில் இடிந்தமை இதற்குக் காட்டப்படும் உதாரணம்.

ஆயினும் இவ்வாதம் இரு உண்மைகளை மறைக்கின்றது. முதலாவது, வாடகைக் கட்டுப்பாட்டுக்கு அரை நூற்றாண்டு முன்னரே 1861 ஆம் ஆண்டின் வீழ்ச்சி நிகழ்ந்துவிட்டது. கட்டுப்பாடற்ற சந்தை கூரைகளைக் காக்கவில்லை. இரண்டாவது, வாடகை உயர்ந்தால் அது கூரைக்குச் செல்லும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் என்றும் இருந்ததில்லை. வாடகை என்பது உரிமையின் வருமானம். பராமரிப்பு அதன்மீது விழும் செலவு. இவ்விரண்டையும் பிணைக்கும் நிதியம் எதுவும் சட்டத்தில் இல்லை. முற்போக்காளர் பக்கத்திலும் குறையுண்டு. வாடகையை நிறுத்தும் கோரிக்கை வென்றெடுக்கப்பட்டது. பராமரிப்பை யார் பொறுப்பேற்பது என்னும் கோரிக்கை அதற்கிணையாக எழுப்பப்படவில்லை. எதிரியின் வருமானத்தைக் கட்டுப்படுத்துவதோடு இயக்கம் நின்றவிடத்து, கட்டடம் எவருக்கும் உரியதல்லாததாயிற்று.

இலாபமற்றுப்போன கட்டடங்களை உரிமையாளர் வீடுவீடாகக் கூறுபோட்டு விற்கலாயினர். ஒரு முகவரின் கட்டளையால் நடந்த வேலைக்கு இப்போது எட்டுப் பேர், பன்னிருவர் இணங்கவேண்டியதாயிற்று. தொழிலாளியை அவன் வாழும் வீட்டுக்கு உரிமையாளனாக்கினால் குடியிருப்புப் பிரச்சினை தீரும் என்னும் புரூதோன்வாதிகளின் கருத்தை எங்கெல்ஸ் கண்டித்தமை ஈண்டு நினைவுக்கு வரும். கிளாஸ்கோவில் வீட்டை வாங்கியவர் ஒழுகும் கூரையின் ஒரு பங்கையும் சேர்த்தே வாங்கினார். அதைத் திருத்தும் ஆற்றலை வாங்கவில்லை.

5. இடித்தலும் மீட்டலும்

இரண்டாம் உலக யுத்தத்தின்பின் மாநகரசபையின் விடை இடித்தலாகவே இருந்தது. 1957 இல் 29 பகுதிகள் முழுமையான மீளமைப்புக்கெனக் குறிக்கப்பட்டன. கோபல்ஸ் முதலிய பகுதிகளில் தெருக்கள் முழுமையாக அழிந்தன. குளிப்பறையும் மலசலகூடமும் உள்ள வீடுகள் கிடைத்தமை மக்களுக்கு உண்மையான பேறே. ஆனால் குளோசின் உறவுகள் அங்கு கூடவே பெயரவில்லை. 1968 ஜனவரி 15 ஆந் திகதிப் புயல், இடிக்கப்படாது எஞ்சியிருந்தவற்றின் நிலையை அம்பலப்படுத்தியது. பேணப்படாத புகைபோக்கிகள் கூரைகளைப் பிளந்து வீழ்ந்து உறங்கியோரைக் கொன்றன. மறு ஆண்டு இயற்றப்பட்ட வீடமைப்புச் சட்டம், இடித்தலிலிருந்து திருத்தலை நோக்கிய திருப்பத்தின் தொடக்கமாயிற்று.

அத்திருப்பத்தின் சிறந்த எடுத்துக்காட்டு மீண்டும் கோவனிலேயே தோன்றியது. 1971 இல் அங்கு குடியிருப்பாளரின் வீடமைப்புச் சங்கமொன்று உருவாயிற்று. 1972 இல் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த 'அசிஸ்ற்' என்னும் கட்டடக்கலைஞர் குழு அப்பகுதியின் டரன்சே தெருவிலேயே அலுவலகம் திறந்து, மக்களோடு கலந்து திருத்தத் திட்டங்களை வகுத்தது. 1974 ஆம் ஆண்டுச் சட்டம் அரச நிதியை வழங்கியபின் இத்தகைய சங்கங்கள் நகரெங்கும் பெருகின. அயலவரால் தெரிவுசெய்யப்பட்ட குழு, சம்பளம் பெறும் அலுவலர், அரச நிதி ஆகிய மூன்றும் அங்கு இணைந்தன. பதினாயிரக்கணக்கான வீடுகள் இடிபாட்டினின்றும் தப்பின. அட்டையும் திறப்பும் கைமாறிய பழைய ஒழுங்கு, நிறுவன வடிவத்தில் மேனிலை எய்தியது என்று கூறினும் பொருந்தும்.

தொழில்நுட்பத் தவறுகள் இல்லாமலில்லை. சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்ட மணற்கற் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. அதன் இடைவெளிகளைச் சீமெந்தினால் அடைத்தபோது ஈரம் கல்லினுள்ளே சிறைப்பட்டுக் கல்லின் முகம் உதிர்ந்தது. கரி படிந்த சுவர்களைத் தேய்த்தும் இரசாயனங்களாற் கழுவியும் வெண்மையாக்கியமை பல கட்டடங்களின் கல்லையே ஊறுபடுத்தியது. பழைய கைவினையறிவு தொழிலாளரோடு அற்றுப்போனால் மானியப் பணமும் தீங்காகலாம் என்பதே இதன் பாடம். பலாகூலிஷ் சிலேற்றுக்கல் அகழ்வு 1955 இலேயே மூடப்பட்டுவிட்டமையால், பழைய கூரைகளுக்கு ஏற்ற கல்லும் அருகியது.

6. வாக்கு உண்டு, நிதி இல்லை

1980 ஆம் ஆண்டுச் சட்டம் மாநகரசபை வீடுகளை அங்கு வாழ்ந்தோர்க்குக் கழிவு விலையில் விற்க வழிசெய்தது. 2016 இல் முடிவுறும்வரை நடைமுறையிலிருந்த அவ்வேற்பாடு, பொதுவுடைமையான கட்டடங்களையும் கூறுபடுத்தியது. ஒரே மாடிப்படியில் சபையின் வாடகையாளர், வீட்டை வாங்கியவர், வாங்கி வாடகைக்கு விட்டு வேறு நகரில் வாழ்பவர் எனப் பலதிறத்தார் சேர்ந்தனர்.

எடின்பரோவில், உரிமையாளர் இணங்காதவிடத்து மாநகரசபை அறிவித்தல் விடுத்துத் தானே திருத்தி, செலவை அறவிடும் அதிகாரம் 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உறுதிப்பட்டிருந்தது. அளவுக்கு மீறிய செலவு, வேண்டாத வேலை என முறைப்பாடுகள் குவிந்தமையால் 2011 இல் அம்முறை நிறுத்தப்பட்டது. பின்னர் குறுகிய வடிவிலேயே மீண்டது. அரசின் தலையீடு அவசியம், ஆனால் மக்களின் கண்காணிப்பற்ற தலையீடு நம்பிக்கையை அழித்துவிடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

2004 நவம்பர் 28 ஆந் திகதி ஸ்கொத்லாந்தில் நிலப்பிரபுத்துவ நிலவுரிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதே நாளிலேயே தொடர்மாடிகள் பற்றிய புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. உறுதிகள் மௌனம் சாதிக்குமிடத்து இனி வீட்டுக்கொரு வாக்கு. பெரும்பான்மையின் முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும். கூரை, அத்திவாரம், வெளிச்சுவர் ஆகியவற்றைப் பேணும் செலவு பொதுவாகச் சமபங்கு. மிகப் பெரிய வீடு மிகச் சிறியதன் ஒன்றரை மடங்குக்கு மேற்படின் தளப்பரப்பின்படி பங்கு. ஒவ்வொரு உரிமையாளரும் காப்புறுதி செய்தல் கட்டாயம். மேல்மாடிக்காரர் தனித்துச் சுமந்த அநீதி இவ்வாறு பெருமளவு நீங்கியது. 2011 ஆம் ஆண்டுச் சட்டம் முகவர்களைப் பதிவுக்கும் ஒழுக்கக்கோவைக்கும் உட்படுத்தியது.

எனினும் இச்சட்டம் வாக்கை அளித்ததேயன்றி, நிதியத்தையோ நிரந்தர அமைப்பையோ அளிக்கவில்லை. கட்டடம் இடியும் நிலைக்கு வந்தபின்னரே அயலவர் கூடுகின்றனர்; அப்போது செலவோ பன்மடங்காகிவிடுகின்றது. பங்கு செலுத்த இயலாத முதியவர் ஒருவர், மறுமொழி அனுப்பாத தூரதேச உரிமையாளர் ஒருவர் போதும், வேலை நின்றுவிடும். 2019 இல் பாராளுமன்ற உறுப்பினர் அடங்கிய செயற்குழுவொன்று மூன்று விதப்புரைகளை முன்வைத்தது: ஐந்தாண்டுக்கொருமுறை கட்டடப் பரிசோதனை, உரிமையாளர் சங்கம் கட்டாயம், திருத்தத்துக்கான சேமநிதி கட்டாயம். 2022 இல் சங்கங்கள் பற்றிய சட்டவரைவுப் பணி ஸ்கொத்லாந்துச் சட்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஸ்டெயர் பிரபு கடமையை எழுதி மூன்றரை நூற்றாண்டு அண்மிக்கும் வேளையிலேயே, அக்கடமையை நிறைவேற்றும் அமைப்புப் பற்றிச் சட்டம் சிந்திக்கத் தொடங்கியுள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிபுகள் பெறப்படும். கூரை இயல்பிலேயே கூட்டுப் பொருள். அதனைத் தனியுடைமையாகக் கூறிய சட்டம், ஒருவரின் முழுவுரிமையில் அதனை ஒன்றுபடுத்திய மூலதனம், அதனைக் கூறுபோட்ட சந்தை, அதனை இடித்தழித்த நிர்வாகம் ஆகிய நான்கும் வெவ்வேறு வழிகளில் அதனைப் பேணத் தவறின. வெற்றிபெற்ற காலங்களிரண்டு. அன்றாடப் பேணுதலில், குளோசின் பெண்கள் முறைவைத்து உழைத்த காலம் ஒன்று. பெரும் திருத்தவேலையில், அயலவரின் சங்கங்கள் அரச நிதியோடு இயங்கிய காலம் மற்றொன்று. அவ்விரண்டிலும் பொதுவாயமைந்தது வாழ்வோரே முடிவெடுத்தமை. ஆனால் முதலாவது, பெண்களின் கூலியற்ற உழைப்பின்மீது நின்றது. இரண்டாவது, அரசு கையை இழுத்துக்கொள்ளுமாயின் தளரக்கூடியது.

ஆகவே, வாழ்வோரின் முடிவெடுக்கும் உரிமை, அவ்வுரிமைக்குப் பொருளூட்டும் பொது நிதி, பேணும் உழைப்புக்கு உரிய மதிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றிப் பழந் தொடர்மாடிகள் நிலைபெறா. குடியிருப்புப் போராட்டங்களை வாடகையின் அளவாலும் உரிமையின் பெயராலும் மாத்திரம் மதிப்பிடும் வழக்கத்தை முற்போக்காளரும் கைவிடவேண்டும். கூரையைத் திருத்துவது யார், எவரது பணத்தில், எவரது கையால் என்னும் வினாவும் வர்க்கப் போராட்டத்தின் வினாவே.